யார் போட்ட முத்து?

அம்பகரத்தூரில் அசுரனை வதைத்த பத்திரகாளி இருக்கிறாளென்று ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள். அந்த அசுரன் கதை மெய்யா பொய்யா என்ற சண்டை இன்று நமக்கு வேண்டாம். குழந்தைக்கு மணல்வாரி கண்டால் "ஆத்தா வந்திருக்கிறாள்" என்று வாசலில் வேப்பிலை செருகி, வைத்தியரைப் படியேற விடாமல் தடுக்கிறார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

தோழர்களே! மணல்வாரி என்னும் தட்டம்மை எந்த ஆத்தாளும் போட்ட முத்தல்ல. அது வைரஸ் கிருமியின் வேலை. நோயாளி இருமினாலும் தும்மினாலும் காற்றில் கலந்து, மூக்கு தொண்டை வழியாக உள்ளே புகுகிறது. அவன் அறையை விட்டுப் போன பின்பும் 2 மணி நேரம் வரை அங்கே காற்றில் இருக்கும். ஊசி போடாத 10 பிள்ளைகள் அருகிலிருந்தால் 9 பேரைப் பிடிக்கும். அக்கிரகாரம், சேரி என்று பார்ப்பதில்லை. (அந்த விஷயத்தில் நம் பெரியவர்களைவிடக் கிருமிக்கு யோக்கியதை அதிகம்!)

தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் ஆத்தா இறங்கிவிட்டாளென்று நிம்மதி அடைகிறார்கள். ஆனால் சங்கதி அதோடு தீருவதில்லை. 1,000 பிள்ளைகளில் ஒன்றுக்கு அந்தச் சமயத்திலேயே மூளை வீங்கி, வலிப்பு வந்து நினைவு தப்புகிறது. பிழைத்தாலும் சிலருக்குக் காது போகும், புத்தி மந்தமாகும். இன்னும் சிலருக்குக் கிருமி மூளையில் ஒளிந்திருந்து, பெரும்பாலும் 7 முதல் 10 வருஷங் கழித்துத் தலையெடுக்கிறது. நன்றாகப் படித்த பையன் பாடத்தை மறக்கிறான், குணம் மாறுகிறது, கையிலுள்ள சோறு நழுவுகிறது, உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது. உடனே "பேய் பிடித்தது" என்று உடுக்கடிக்கிறவனிடம் ஓடுகிறார்கள்! பத்து வருஷத்துக்கு முன் மஞ்சள் நீர் தெளித்து வழியனுப்பிய ஆத்தாதான் அந்தப் பேய் என்பதை யார் சொல்லுவது? 2 வயதுக்குள் தட்டம்மை கண்ட பிள்ளைகளுக்கே இந்த அபாயம் அதிகம். 1933-லேயே டாசன் என்ற அமெரிக்க வைத்தியர் இந்த மூளை வியாதியை எழுதி வைத்தார். இன்றுவரை இதைத் தீர்க்கும் மருந்தில்லை. பெரும்பாலோர் சில வருஷங்களில் இறந்து போகிறார்கள்.

பெரியம்மையையும் ஆத்தா என்றுதான் சொன்னார்கள். ஊசி குத்தினோம், 1975-க்குப் பிறகு இந்தியாவில் அது இல்லை. அந்த ஆத்தா எங்கே போனாள்?

தட்டம்மைக்கும் ஊசி உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும், காரைக்கால் உள்ளிட்ட புதுச்சேரியிலும் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் தட்டம்மை ருபெல்லா ஊசி போட வந்தபோது, வாட்ஸப்பில் புரளி கிளப்பினவர்கள் படித்தவர்கள்தான். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 மாதத்துக்கு மேல் 2 வயதுக்குள் மற்றொன்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை. காளிக்கு நேர்ந்துகொள்ளும் அம்பகரத்தூர்த் தாய்மார்கள், பெட்டியைத் திறந்து, பிள்ளையின் அட்டையில் இரண்டாவது ஊசி பதிந்திருக்கிறதா என்று இன்றிரவே பார்க்கட்டும்.