கார் லெதர் சீட்டில் கிழிசலா? பசையைக் கையில் எடுக்கும் முன் இதைப் படிங்க!

பேன்ட் பின் பாக்கெட்டில் இருந்த சாவிக்கொத்து, குழந்தை கையில் வைத்திருந்த பொம்மையின் முனை, கடையிலிருந்து வரும்போது சீட்டில் போட்ட இரும்புச் சாமான்... லெதர் சீட் கிழிய இதில் ஒன்று போதும். முதல் நாள் கிழிசல் நகத்தளவுதான் இருக்கும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டால், ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வாய் பிளக்கும். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் எட்டிப் பார்த்துவிட்டால், வீட்டு வாண்டுகளின் விரல் சும்மா இருக்குமா?

இந்த நேரத்தில் பலரும் செய்வது இரண்டு விஷயங்கள். ஒன்று, சூப்பர் க்ளூ தடவி அழுத்துவது. இன்னொன்று, மேலே ஒரு சீட் கவரை மாட்டி மறைத்துவிடுவது. முதலாவது கிழிசலைப் பெரிதாக்கும். இரண்டாவது, சில கார்களில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்!

முதலில் இடத்தைப் பாருங்கள்

முன் சீட்டில், முதுகு சாயும் பகுதியின் கதவு ஓர விளிம்பைப் பாருங்கள். 'ஏர்பேக்' என்று ஆங்கிலத்தில் எழுதிய சின்ன லேபிள் இருக்கிறதா? அப்படியென்றால் பக்கவாட்டு ஏர்பேக் அந்த சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பக்கவாட்டில் வண்டி மோதினால், கண் இமைப்பதற்குள் அது விளிம்புத் தையலைப் பிரித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அதற்காகவே அந்த இடத்தை மட்டும் எளிதில் பிரியும்படி அமைத்திருப்பார்கள்.

அங்கே கெட்டி நூலால் தைத்தாலோ, ஒட்டுப் போட்டாலோ, விளிம்பை இறுக்கி மூடும் கவரை மாட்டினாலோ, ஏர்பேக் சரியாக விரியாமல் போகலாம். அந்த விளிம்பில் கிழிசல் இருந்தால் கை வைக்க வேண்டாம். கார் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர்தான் சரி. கவர் வாங்குவதாக இருந்தாலும், 'சைடு ஏர்பேக் இருக்கும் சீட்டுக்குப் பொருந்துமா?' என்று கேட்டு வாங்குங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிற வயர் இணைப்பை நீங்களாகக் கழற்றவும் கூடாது.

லெதரா, ரெக்சினா?

'லெதர் சீட்' என்று சொல்லி விற்கப்படும் பல சீட்டுகள் ரெக்சின் வகைதான். கிழிந்த ஓரத்தை லேசாகத் தூக்கி உள்பக்கம் பாருங்கள். நார் நாராக, வெல்வெட் போல இருந்தால் அசல் தோல். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். தண்ணீர் சொட்டு விட்டுப் பார்ப்பது இங்கே பயன்படாது. கார் தோலுக்கு மேலே பூச்சு இருப்பதால், அசல் தோலும் தண்ணீரை உறிஞ்சாது. எது என்று தெரிந்துகொண்டு, அதற்கான பசையைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே சரிசெய்ய...

கிழிசல் ஓரிரு அங்குலத்துக்குள், சீட்டின் நடுப்பகுதியில் இருந்தால் நீங்களே முயலலாம்.

1. ஈரத்துணியால் அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். தொங்கும் நூல்களைக் கத்தரியுங்கள்.

2. பழைய ஜீன்ஸ் துணியில், கிழிசலைவிட எல்லாப் பக்கமும் அரை அங்குலம் பெரிதாக ஒரு துண்டு வெட்டி, முனைகளை வட்டமாக்குங்கள். புருவம் திருத்தும் ட்வீசரால் அதைக் கிழிசலுக்குள் நுழைத்துச் சமமாகப் பரப்புங்கள். முழு பலமும் இந்தத் துணியில்தான் இருக்கிறது.

3. காய்ந்த பிறகும் வளையக்கூடிய லெதர் அல்லது ரெக்சின் பசையை, தோலுக்கும் துணிக்கும் நடுவே மெல்லியதாகத் தடவுங்கள். சூப்பர் க்ளூ கல் மாதிரி இறுகிவிடும். உட்காரும்போது சீட் அமுங்க, அந்த ஓரத்திலேயே மறுபடி விரிசல் விடும்.

4. இரண்டு ஓரங்களையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் சேர்த்து, பாலித்தீன் தாள் போட்டு, மேலே கனமான புத்தகத்தை வையுங்கள். ஒரு நாள் முழுக்க யாரும் உட்கார வேண்டாம்.

5. கோடு தெரிந்தால் லெதர் ஃபில்லரை மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு பூசி, நைஸான உப்புத்தாளால் தேய்த்து, அதே நிறச் சாயம் தடவுங்கள். சாயத்தைச் சீட்டின் அடியில், கண்ணில் படாத இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

காற்று வரும் சிறு துளைகள் கொண்ட சீட் என்றால், ஃபில்லர் துளைகளை அடைத்துவிடும். அதைக் கடையில் கொடுப்பதே நல்லது.

குஷன் கடைக்கு எப்போது?

தையல் விட்டுப் போயிருந்தால், கிழிசல் கையளவுக்கு மேல் இருந்தால், ஸ்பாஞ்ச் உதிர்ந்தால் குஷன் வேலை செய்பவரிடம் போங்கள். முழு சீட்டையும் மாற்ற வேண்டியதில்லை. கிழிந்த பேனலை மட்டும் பிரித்து, புதிதாக வெட்டித் தைத்துத் தருவார்கள். சென்னைக்காரர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு தெரிந்த இடம்தான். தையல் விட்ட இடத்தில் பழைய துளைகளிலேயே நூலைக் கோக்கச் சொல்லுங்கள். புதிதாகத் துளை போட்டால், ஓரம் பலமிழந்து மறுபடி கிழியும்.

நம் ஊர் வெயிலில் நிற்கும் காரில் தோலும் ரெக்சினும் காய்ந்து விறைத்துப்போகும். நிழலில் நிறுத்துவதும், கண்ணாடிக்குத் திரை போடுவதும் அடுத்த கிழிசலைத் தள்ளிப்போடும்.

இன்றைக்கு நேரமில்லையா? செல்லோடேப் ஒட்ட வேண்டாம். வெயிலில் அதன் பசை உருகி, பிசுபிசுவென்று சீட்டிலேயே தங்கிவிடும். கிழிசல் பின் சீட்டில் என்றால், அதன் மேல் ஒரு துண்டை விரித்து, குழந்தைகளை மறுபக்கம் உட்காரவைத்து, ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்துவிடுங்கள்!