ஒரு ஓட்டும் ஒரு ஒப்பந்தமும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு அயர்லாந்து அரசியல் எதுக்குடா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒரு எம்.பி. தன் ஓட்டுக்கு விலை பேசி, அதை எழுத்தில் வாங்கி, சாட்சிக் கையெழுத்தும் போட வைத்து, நாடாளுமன்றத்திலேயே வாசித்துக் காட்டியிருக்கிறார். நம்ம பாடம்தானே?

ஆசாமியின் பெயர் டோனி கிரிகரி. வடக்கு டப்ளினில் பாலிபோ என்கிற ஏழைப் பகுதிக்காரர். அப்பா துறைமுகத் தொழிலாளி, இவர் பள்ளி ஆசிரியர். சரக்கெல்லாம் கன்டெய்னருக்கு மாறியதில் துறைமுக வேலைகள் போய்விட்டன. வீடுகள் பாழ், தெருவில் ஹெராயின். இந்த நிலையில்தான் 1979-ல் சுயேச்சையாக நின்று மாநகராட்சி கவுன்சிலர் ஆனார்.

1982 ஜனவரியில் குழந்தைகளின் ஷூவுக்கும் வாட் வரி போட்ட பட்ஜெட்டால் ஃபிட்ஸ்ஜெரால்டின் அரசு கவிழ்ந்தது (நிதியமைச்சர்கள் கவனிக்க!). பிப்ரவரியில் தேர்தல். மொத்தம் 166 இடம். சார்ல்ஸ் ஹாஹியின் ஃபியன்னா ஃபால் கட்சிக்கு 81. முதல் முறை ஜெயித்து, டை கூடக் கட்டாமல் சபைக்கு வந்த கிரிகரியின் ஓட்டுக்குத் திடீரென்று மவுசு. இரண்டு தலைவர்களும் பேரம் பேசினார்கள், ஹாஹி ஜெயித்தார். தொகுதியில் 440 வீடுகள், துறைமுகத்தின் 27 ஏக்கர் நிலம் அரசுக்கு, மூடிக் கிடந்த காகித ஆலை அரசுடைமை, வேலைவாய்ப்பு என்று நீண்ட பட்டியல். மதிப்பு 10 கோடி ஐரிஷ் பவுண்டு என்று பேசப்பட்டது. சாட்சி, தொழிற்சங்கத் தலைவர் மைக்கேல் மல்லன்.

நாட்டையே பணயம் வைத்துவிட்டார் என்று திட்டினார்கள். எனக்கு அது பெரிய குற்றமாகத் தெரியவில்லை. மற்றவர்கள் மூடிய அறைக்குள் செய்வதை இவர் சபைக் குறிப்பில் ஏற்றினார், அவ்வளவுதான். ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது. எம்.பி.யின் ஓட்டு யாருக்கும் தேவைப்படாத ஏழைத் தொகுதி என்ன பாவம் செய்தது? இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

அந்த ஒப்பந்தத்தின் உண்மையான கோளாறு வேறு. மீறினால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? கையில் இருந்த ஒரே தண்டனை ஆட்சியைக் கவிழ்ப்பது. கவிழ்த்தால் ஒப்பந்தமும் போச்சு! 1982 நவம்பரில் அவருடைய தயவில்லாமலே ஆட்சி போனது. அடுத்து வந்த கூட்டணி அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதா என்ன? பல வாக்குறுதிகள் காகிதத்திலேயே நின்றன. 1987-ல் சபை 82-82. கிரிகரி யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. சபாநாயகர் ஓட்டில் ஹாஹி பிரதமரானார். இந்தத் தடவை ஒப்பந்தம் கிடையாது.

எல்லோரும் 1982-ஐப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கோ பேரம் பேச எதுவும் இல்லாத வருடங்கள்தான் பிடித்திருக்கின்றன. 1986-ல் தெரு வியாபாரிகளோடு சாலையில் உட்கார்ந்தார். இனி ஒழுங்காக இருப்பேன் என்று எழுதித் தர மறுத்து இரண்டு வாரம் சிறையில் இருந்தார். போதை வியாபாரிகளின் சொத்தில் கை வையுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1996 ஜூனில் பத்திரிகையாளர் வெரோனிகா கெரின் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அரசு அசைந்தது. அந்த அக்டோபரில் குற்றச் சொத்துகளுக்கென்றே ஒரு அமைப்பு வந்தது. போலீஸோடு வருமான வரி அதிகாரிகளும் சமூக நல அதிகாரிகளும் ஒரே கூரையின் கீழ். கொலை வழக்கில் தப்பிக்கிற தாதாவை வரி நோட்டீஸ் பிடிக்கும். கணக்குப் பாடத்தைக் கேலி செய்கிற நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

தேர்தலுக்குத் தேர்தல் மக்கள் அவரையே அனுப்பினார்கள், எப்போதும் சுயேச்சையாக. 2009 ஜனவரி 2-ல் புற்றுநோயால் இறந்தார். அந்த ஜூனில் நடந்த இடைத்தேர்தலில், அவரோடு வேலை பார்த்த மொரீன் ஓ'சலிவன் அந்த இடத்தைப் பிடித்தார். அவரும் சுயேச்சைதான்.