சலுகை மதிப்பெண் தேவையில்லை

பழைய வீடியோ கேம் கன்சோல்களின் வரைகலையை 'அந்தக் காலத்துக்குப் பரவாயில்லை' என்று சலுகை மதிப்பெண் போட்டுத் தேற்றிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது அன்றே போதுமானதாக இருந்தது, இன்றும் போதும்.

1981இல் 'டாங்கி காங்' விளையாட்டுக்காக மாரியோவை வடிவமைத்த ஷிகேரு மியாமோட்டோவுக்குக் கிடைத்தவை சில புள்ளிகளே. வாய் வரைய இடமில்லாததால் மீசை வைத்தார். தலைமுடி வரைவது கடினம் என்பதால் தொப்பி அணிவித்தார். அதன்பின் எத்தனையோ கன்சோல்கள் வந்துவிட்டன. மாரியோவின் மீசையும் தொப்பியும் அப்படியே இருக்கின்றன.

மேல்சித்தாமூர் பக்கத்து மனிதர்களுக்கு இது புதிதன்று. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றுப் பாறையில் 24 தீர்த்தங்கரர்கள் வரிசைக்குப் பன்னிருவராக அமர்ந்திருக்கிறார்கள். சிறிய, ஏறத்தாழ ஒரே மாதிரியான உருவங்கள். நுணுக்கம் போதாதென்று அவற்றை யாரேனும் குறை சொல்வோமா?

முதற்கால முப்பரிமாண உருவங்கள் கரடுமுரடானவை என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆடியவர் கண்ணுக்கு எதிரியும் பள்ளமும் தெளிவாகவே தெரிந்தன. 2023இல் வந்த 'வெண்பா', கனடாவுக்குப் பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையைத் தட்டையான ஓவியங்களாலேயே சொல்லி, 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது.

இந்த இளக்காரத்துக்கு ஒரு விலை உண்டு. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கண்டறிந்தது. ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட சமூகம் நாம். பழையது என்பதற்காகவே ஒன்றைக் கைவிடுவதன் இழப்பை நாமன்றோ முதலில் உணர வேண்டும்?