ஓட்டிப் பார்த்துட்டு சொல்லுங்க சார்!

ராணுவ ஏலத்தில் வந்த பழைய ஜோங்காவை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய், ‘ஏதோ சத்தம் வருது’ என்று சொல்லிப் பாருங்கள். ‘மிலிட்டரி வண்டி சார், அப்படித்தான் கத்தும்’ என்பார் ஒருவர். ‘கியர்பாக்ஸை இறக்கிடலாம்’ என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே வண்டியை ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்!

ஜபல்பூரில் 1969 முதல் 1999 வரை தயாரான வண்டி. சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. சத்தம்தான் அதன் பாஷை.

காலி ரோட்டில் ஓடும்போதே நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜின் அடங்கியும் சத்தம் வண்டி வேகத்தோடு தொடர்கிறதா? ஷாஃப்ட், ஆக்ஸில், சக்கரம் பக்கம் தேடுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஊளை, விட்டால் அமைதி என்றால் கிரவுன் - பினியனைச் சந்தேகிக்கலாம். கியர் போட்டதும் ‘டங்’ என்றால் ஷாஃப்ட் கிராஸ். வளைவில் மாறும் உறுமல், வீல் பேரிங்.

இன்னொரு கூத்து. காய்ந்த தார் ரோட்டில் ‘ஃபோர் வீல்’ லீவரைப் போட்டபடி ஓட்டுவது! வளைவில் முன்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் பூட்டிக் கிடந்தால் முறுக்கிக்கொண்டு முனகத்தான் செய்யும். லீவரை எடுத்தால் சரி. அதற்கும் பில் போடுகிறார்கள்.

பணம் போனால் போகட்டும். தேய்ந்த கிராஸை ‘அப்படித்தான் கத்தும்’ என்று அனுப்பி, ஓட்டத்தில் ஷாஃப்ட் கழன்று விழுந்தால் உள்ளே இருப்பவர்கள் கதி?

ஸ்டெதஸ்கோப் வைக்காமலே ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிற டாக்டரிடம் போவீர்களா?