விற்பனையாளனுக்கு ஒரு கையறுநிலை

ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளனின் மரணம்' 1949-இல் அரங்கேறியது. அன்றுமுதல் விற்பனையாளன் என்றாலே தோற்றுப்போன வில்லி லோமன்தான் நம் போன்ற இலக்கிய வாசகர்களுக்கு நினைவில் வருகிறான். அதனாலோ என்னவோ, 2019 பிப்ரவரியில் தொண்ணூறு வயதில் மறைந்த ஜோ ஜிரார்டை நாம் கண்டுகொள்ளவே இல்லை.

டெட்ராய்ட்டின் ஏழைச் சிசிலியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வீடு கட்டி விற்கும் தொழிலில் நொடித்துப்போனார். 1963 ஜனவரியில், பிள்ளைகளுக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றுமில்லை என்று மனைவி சொல்ல, ஷெவர்லே கார் விற்பனை நிலையமொன்றில் வேலை கேட்டு நின்றார். அன்றே ஒரு கார் விற்றார். வந்தவர் தம் கண்ணுக்கு ஒரு மளிகைப் பையாகவே தெரிந்தார் என்று பின்னாளில் எழுதினார். பத்து டாலர் கடன் வாங்கி, உணவுப் பொருள்களோடு வீடு திரும்பினார். பொருள்வயிற் பிரிவை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தும் நமக்கு இந்தப் பையைக் கடந்துபோக முடியவில்லை.

1978-இல் ஓய்வுபெறும்வரை அவர் விற்றவை 13,001 கார்கள். 1973-இல் மட்டும் 1,425. மொத்தக் கொள்முதல் ஏதுமில்லை, ஒவ்வொன்றும் தனி ஒருவருக்கு விற்றது. கின்னஸ் ஏற்ற சாதனை.

வாங்கியவர்களுக்கெல்லாம் மாதந்தோறும் வாழ்த்தட்டை அனுப்பினார். 'உங்களை எனக்குப் பிடிக்கும்' என்பதே செய்தி. வெறும் வணிகத் தந்திரம் என்பார்கள் நண்பர்கள். தந்திரந்தான், மறுக்கவில்லை. ஆனால் கார் விற்று முடிந்த பின்பும் வாங்கியவரின் பெயரை மறக்காதிருந்த தந்திரம் அது. இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் நாம், படித்துப்போன மாணவருக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை.