சூரல் கம்புக்கு எதற்குப் பொன்விழா?

"சாரிடம் வாங்கிய அடிதான் எங்களை ஆளாக்கியது!"

குலசேகரம், திருவட்டார், மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளிகளில் பழைய மாணவர் கூட்டம் நடந்தால், ஒருவராவது இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. கைதட்டலும் உறுதி. மலர் போட்டால் அதிலும் இதே கதைதான். இம்போசிஷன், பெஞ்சு மேல் நிற்பது, முட்டுக்கால், உள்ளங்கையில் சூரல் அடி... கடைசியில் "இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை" என்று ஒரு பெருமூச்சு.

அடி வாங்கியது கொடுப்பினையா? கொஞ்சம் நிதானமாகக் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும் வரை குலசேகரம் திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி ஆட்சியில் இருந்த ஊர். மலையாளப் பள்ளிக்கூடம், தமிழ்ப் பள்ளிக்கூடம், இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்று தனித்தனியாகப் பேர் சொன்ன காலம் அது. வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு, கச்சேரியில் மலையாளம், வகுப்பில் இங்கிலீஷ். இங்கிலீஷ் பத்திரிகையைக் கண்ணால்கூடப் பார்க்காத வீட்டுப் பிள்ளையை ஆறாம் பாரம் வரை கொண்டுபோய், சொந்தமாக ஒரு கடிதம் எழுத வைத்தார் அன்றைய ஆசிரியர். சாதாரண வேலையா அது?

அதை எப்படிச் செய்தார்? பாடத்தை முதலில் எந்த மொழியில் விளக்கினார்? எந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்? ஃபீஸ் கட்ட முடியாதவனுக்கு என்ன வழி செய்தார்? இதெல்லாம் மலர்களில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். முப்பது வருடம் பாடம் நடத்திய மனிதரின் நினைவாக மிஞ்சுவது ஒரு கம்பு. இதற்குப் பெயர் குருபக்தியாம்!

இன்னொன்று. மலரில் எழுதுவது யார்? படித்து முடித்து, வேலைக்குப் போய், ஓய்வு பெற்றவர்கள். அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, அடிக்குப் பயந்து இரண்டாம் பாரத்தோடு நின்றுபோனவனிடம் யாரும் கட்டுரை கேட்பதில்லை. இது ரப்பர் ஊர். பால் வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும். அப்பனுக்கு ஒத்தாசை செய்துவிட்டு ஓடிவரும் பையன் முதல் மணிக்கு எப்படி வந்து சேர்வான்? "லேட்டா வந்தால் அடி" என்ற சட்டம் எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் அடி விழுவது யார் கையில்? தேறியவனை மட்டும் கேட்டுவிட்டு அடிக்குச் சான்றிதழ் கொடுப்பது, கரையேறியவனை மட்டும் கேட்டுவிட்டு வெள்ளத்தைப் புகழ்வது மாதிரி.

இந்தச் சங்கதி நம்ம ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஜார்ஜ் ஆர்வெல் 1911 முதல் 1916 வரை இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் செயின்ட் சிப்ரியன்ஸ் என்ற சின்னப் பள்ளியில் படித்தார். படுக்கையை நனைத்ததற்காக அடிபட்டதையும், குறைந்த கட்டணத்தில் படிப்பதைச் சொல்லிக் காட்டப்பட்டதையும், பணக்காரர் வீட்டுப் பையன்கள் மேல் பிரம்பு விழாததையும் எழுதி வைத்தார். அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1952இல்தான் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அதே பள்ளியில் படித்த வேறு சிலர், "தலைமையாசிரியை அப்படிப்பட்டவர் இல்லை, எங்களுக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்" என்று மறுத்தார்கள். இரண்டு பேச்சும் எழுத்தில் இருக்கிறது. படிப்பவர் தாமே முடிவு செய்துகொள்ளலாம். நம் மலர்களில் ஒரு பேச்சுதான் இருக்கிறது.

"சார் பாசத்தில்தானே அடித்தார்?" என்பார்கள். சிலர் விஷயத்தில் உண்மையாகவே இருக்கட்டும். பாசத்தால் படித்தவன் எதற்குக் கம்புக்கு நன்றி சொல்கிறான்? "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்" என்று ஒப்படைத்த பெற்றோர்களும், "அடியாத மாடு பணியாது" என்ற பழமொழியும் சேர்ந்து ஆசிரியரையும் மாடு மேய்ப்பவர் ஆக்கிவிட்டன.

இந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடம் சும்மா வந்துவிடவில்லை. ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்த பிறகு, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க மிஷன் பள்ளிகள் எழுந்தன. 1858-59 தோள்சீலைக் கலவரத்தில் ஆலயங்களோடு பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. அதையும் மீறி உள்ளே வந்த சந்ததி இது. அப்படி வந்த பிள்ளையைக் கம்பைக் காட்டி வெளியே விரட்டியதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

இது பழங்கதை பற்றிய சண்டை என்று ஒதுக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் கல்வி விதிகளைத் திருத்தி 2003இலேயே பள்ளியில் அடிப்பது தடை செய்யப்பட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் உடல் தண்டனை, மனத் துன்புறுத்தல் இரண்டையும் தடுக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் "ரெண்டு போட்டால்தான் சரிப்படும்" என்று சொல்லும் ஆசிரியருக்குத் தைரியம் எங்கிருந்து வருகிறது? மேடையில் கிடைக்கும் அந்தக் கைதட்டலில் இருந்துதான்.

அடுத்த மலர் போடுகிறவர்கள் இரண்டே காரியம் செய்யட்டும். சார் என்ன சொல்லிக் கொடுத்தார், எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்று எழுதச் சொல்லட்டும். பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து, பாதியில் நின்றுபோன பெயர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப்போய்ப் பேசட்டும். அவர்களும் பழைய மாணவர்கள்தான்.