இலவச ரிட்டர்ன் யாருக்கு இலவசம்?

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்கு என் மேல் கோபம் வரும். சார், மாமா, பெரியப்பா என்று எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுத் திட்டுங்கள், ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

வாட்ஸப் குழுக்களில் ஒரு 'டிப்ஸ்' சுற்றுகிறது. பிடித்த சுடிதாரை எம், எல், எக்ஸ்எல் என்று மூன்று அளவிலும் ஆர்டர் போடு, பொருந்துவதை வைத்துக்கொள், மற்றதை ரிட்டர்ன் செய், காசு செலவில்லை! இன்னும் சிலர் விசேஷத்துக்குப் புடவை வாங்கி, டேக்கை உள்ளே மறைத்துக் கட்டிக்கொண்டு போய், மறுநாள் திருப்பி அனுப்புகிறார்கள். இதைச் சாமர்த்தியம் என்று வேறு சொல்கிறார்கள். என் வகுப்பில் இதற்கு என்ன பெயர் என்று என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். மூன்று பார்சல் வருகிறது, இரண்டு திரும்பிப் போகிறது. ஐந்து பயணம், ஒரு விற்பனை. வண்டிக்கு டீசல், மாடியேறி வரும் பையனுக்குக் கூலி, புதிதாக ஒரு பிளாஸ்டிக் உறை. இதெல்லாம் இலவசமாக வானத்திலிருந்தா விழுகிறது?

"பெரிய கம்பெனிக்குத்தானே நஷ்டம்" என்பீர்கள். என்னிடம் படித்த ஒருவன் இளம்பிள்ளையில் புடவை வியாபாரம் செய்கிறான். 600 ரூபாய்ப் புடவையில் அவனுக்கு நிற்பது 50, 60 ரூபாய். ஒரு புடவை திரும்பி வந்தால் கூரியர் செலவை அவன் கணக்கில்தான் கழிக்கிறார்களாம். இரண்டு மூன்று புடவை விற்ற லாபம் அதில் போய்விடுகிறது. ஒருமுறை முந்தானையில் சாம்பார்க் கறையோடு வந்திருக்கிறது. அதை அவன் யாரிடம் விற்பான்?

"அளவு சரியாக வருவதில்லையே சார்?" நியாயமான கேள்வி. ஒரு பிராண்டின் எம் இன்னொரு பிராண்டின் எல்லாக இருக்கிறது. இங்கே பெரும்பாலும் இங்கிலாந்து, அமெரிக்க அளவுகளைத் தழுவித்தான் தைக்கிறார்கள். நம் உடம்புக்கென்று ஒரு பட்டியல் வேண்டும் என்றுதான் நிஃப்ட் நிறுவனம் 6 நகரங்களில் 25,000 பேரை அளக்கும் திட்டத்தையே எடுத்தது. திருப்பூரிலிருந்து உலகத்துக்கே பனியன் அனுப்புகிறோம், நமக்கென்று ஓர் அளவு இல்லை! கம்பெனிகள் வெட்கப்பட வேண்டிய விஷயம்.

அதற்கு மூன்றாகத் தருவிப்பது விடையாகாது. வீட்டில் இன்ச் டேப் இருக்கிறதா? நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையைக் கட்டிலில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்குங்கள். தோளும் நீளமும் பாருங்கள். பிறகு அவர்கள் போட்டிருக்கும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அது உடம்பு அளவா, துணி அளவா என்று கவனியுங்கள். பலரும் கோட்டை விடுவது அங்கேதான். சற்றுப் பெரிதாக வந்துவிட்டால் தெருமுனை டெய்லர் பிடித்துத் தருவார், அவருக்கும் நாலு காசு.

கிழிசல் இருந்தால், படத்தில் ஒன்று கையில் ஒன்றாக வந்தால், கண்டிப்பாகத் திருப்புங்கள். அப்படிப்பட்ட பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அளக்கத் தெரியாதவர்கள் கமெண்டில் கேளுங்கள். ஸ்கேலை எடுத்துக்கொண்டு அடிக்க வரமாட்டேன், சொல்லித்தருகிறேன்.